சொந்த நிலத்தில் வெள்ளைவால் மான்: நிலப் பக்குவமும் வில்வேட்டையும்

அமெரிக்காவில் நாற்பது, ஐம்பது ஏக்கர் வாங்கி மான் வேட்டைக்குத் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் விதை மூட்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தீவனம் நன்றாகவே விளையும். மரத்தில் கட்டிவைத்த தானியங்கி கேமராவிலும் மானின் படம் விழும். ஆனால் படங்கள் எல்லாம் இரவு பதினொரு மணிக்கும் விடிகாலை மூன்று மணிக்கும் எடுத்தவையாக இருக்கும். அம்பு விடச் சட்டம் அனுமதிக்கும் வெளிச்சத்தில் ஒரு மானும் தலைகாட்டாது. இதற்குத் தீவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நிலத்தில் மான் பகலில் நிம்மதியாகப் படுக்க இடம் இல்லை, அல்லது ஆள் வந்துபோவது அதற்குத் தெரிந்துவிட்டது.

வளர்ந்த வெள்ளைவால் மான் நடமாடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் என்பது பொதுக் கணக்கு. இடத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆகவே நாற்பது ஏக்கருக்குள் எந்த மானையும் கட்டி வைக்க முடியாது. அது உலவும் பரப்பில் உங்கள் நிலம் ஒரு சிறு துண்டு. பகல் நேரத்தை அந்தத் துண்டில் கழிக்கும்படி செய்வது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

தொடங்கும் முன் சட்டம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தக் குறிப்புகள் அமெரிக்க மாநிலங்களில் உரிமம் பெற்று வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டுமே. அங்கும் நிலம்தான் உங்களுடையது, மான் பொதுச் சொத்து. வில் பருவம் எந்தத் தேதியில் திறக்கிறது, ஒருவருக்கு எத்தனை மான், வில்லின் குறைந்தபட்ச இழுவிசை எவ்வளவு, இரை போட்டு மானை வரவழைக்கலாமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம்கூட வேறு. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் பெரும்பாலான இடங்களில் கட்டாயம். சில மாநிலங்கள் வில்வேட்டைக்குத் தனிச் சான்றிதழும் கேட்கின்றன. பயிரிட்ட தீவனப் பாத்தியில் வேட்டையாடுவது பொதுவாகச் சரி. ஆனால் அதே பாத்தியில் மக்காச்சோளத்தைக் கொட்டினால் அது இரைவைப்பு. மாநில வனவுயிர்த் துறையின் அந்தந்த ஆண்டு விதிநூலைப் படித்த பிறகே எதையும் தொடங்குங்கள்.

முதல் வேலை: நீங்கள் நடக்கும் வழி

நிலத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசைமேல் விரியுங்கள். மான் படுக்கும் இடம், மேயும் இடம், இரண்டுக்கும் நடுவே நடக்கும் தடம் ஆகியவற்றைக் குறியுங்கள். இதற்குப் பொருத்தமான காலம் பிப்ரவரி, மார்ச். வேட்டைப் பருவம் முடிந்திருக்கும், இலை உதிர்ந்திருக்கும், பழைய தடங்களும் கொம்பு உரசிய மரங்களும் வெளிப்படையாகத் தெரியும். அப்போது நிலம் முழுவதும் தாராளமாகக் காலாற நடக்கலாம். மானைக் கலைத்தாலும் அக்டோபருக்குள் அது மறந்துவிடும்.

அடுத்து, அந்தப் பகுதியில் அக்டோபர், நவம்பரில் எந்தத் திசைக் காற்று அதிகம் என்று பாருங்கள். மரத்தில் கட்டிய வேட்டைப் பரணுக்கு நீங்கள் நடந்துவரும் வழியில் உங்கள் வாடை மானின் படுக்கைப் பக்கம் போகக்கூடாது. இந்த ஒன்று சரியாக அமையாத இடத்தில் எவ்வளவு அழகான பாத்தி போட்டாலும் வீண்தான். எனவே வழியை முதலில் முடிவுசெய்து, அதற்கு ஏற்ற இடத்தில் பாத்தியைப் போடுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். டிராக்டர் போக வசதியாக நிலத்தின் நடுவில் பாத்தி போட்டுவிட்டு, பிறகு அதை எட்ட மான் படுக்கையைக் கடந்து நடக்கிறார்கள்.

நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது யாரும் கால்வைக்காத புகலிடமாக ஒதுக்குங்கள். வேட்டைப் பருவத்தில் கேமரா பார்க்கவும் அதற்குள் போகவேண்டாம். அடிபட்ட மானைத் தேடிப் போவது ஒன்றே விதிவிலக்கு. சிறிய நிலமாக இருந்தால் புகலிடத்தை நடுவில் வைத்து ஓரங்களில் மட்டும் வேட்டையாடுவது நல்லது.

காட்டுக்குள் வெயில் இறங்கட்டும்

மூடிய காடு மனிதக் கண்ணுக்கு அழகு, மானுக்கு அது வெறும் கூடம். உச்சியில் இலைகள் நெருங்கி நின்றால் தரையில் ஒன்றும் முளைக்காது. மானுக்கு எட்டுவது தரையிலிருந்து நாலரை அடி வரைதான். அதற்குள் கொறிக்கத் தழை இல்லை, ஒளிய மறைப்பும் இல்லை என்றால் அது அந்த இடத்தைக் கடந்துபோகுமே தவிரத் தங்காது. நாலு மரத்தை வீழ்த்தி வெயிலை உள்ளே விட்டால் இரண்டு கோடைக்குள் காட்டு முள்பழச் செடிகளும் கொடிகளும் மரக்கன்றுகளும் இடுப்பளவு வந்துவிடும். மானின் ஆண்டுத் தீவனத்தில் பெரும்பங்கு இப்படித் தானாக முளைக்கும் தழைதான். பாத்தி அதற்குத் துணை மட்டும்.

எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியாமல் ரம்பத்தைத் தொடவேண்டாம். வெள்ளை ஓக் மரத்தை விட்டுவைக்க வேண்டும். அதன் கொட்டை ஒரே ஆண்டில் முதிர்ந்து விழுகிறது, துவர்ப்பும் குறைவு. விழும் பருவத்தில் மான் எந்தப் பாத்தியையும் விட்டுவிட்டு அந்த மரத்தடிக்கு ஓடும். சிவப்பு ஓக் இனங்களின் கொட்டை முதிர இரண்டு ஆண்டு ஆகும், துவர்ப்பும் அதிகம். ஆனால் வெள்ளை ஓக் கொட்டை தீர்ந்த பிறகு கைகொடுப்பது அதுதான். இரண்டையும் கலந்து விடுங்கள். நல்ல ஓக் மரத்தின் கிளைப்பரப்பை முட்டிக்கொண்டு நிற்கும் பயனற்ற மரங்களை நீக்கினால் அந்த ஓக் விரிந்து காய்ப்பும் கூடும். வனத்துறை அலுவலர் அல்லது தனியார் வன ஆலோசகர் ஒருவரை அழைத்து மரங்களுக்குக் குறிபோடச் சொல்வது செலவுக்குத் தகுந்த வேலை. வெட்டக்கூடிய மரத்தில் விலைபோகும் மரமும் இருக்கலாம்.

மரத்தை முழுவதும் துண்டிக்காமல் மடித்துச் சாய்ப்பதும் உண்டு, அதை ‘ஹிஞ்ச் கட்’ என்பார்கள். நாலு முதல் எட்டு அங்குல விட்டமுள்ள மேப்பிள், எல்ம் போன்ற மரத்தில் தண்டின் முக்கால் பங்கை மட்டும் சாய்வாக அறுத்து மெல்லத் தள்ளினால், மீதிப் பட்டையின் வழியே சாறு ஏறிச் சாய்ந்த மரம் சில ஆண்டு உயிரோடு தழைக்கும். உச்சியில் இருந்த தழை மானின் வாய்க்கு வந்துவிடும், மறைப்பும் உடனே கிடைக்கும். ஆபத்தும் இதில்தான் அதிகம். அறுக்கும்போது தண்டு நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி வெட்டுகிறவரின் முகத்துக்கு எகிறும். நெஞ்சு உயரத்துக்கு மேல் ரம்பத்தைத் தூக்காதீர்கள், தண்டுக்கு நேர்ப்பின்னால் நிற்காதீர்கள், தலைக்கவசமும் கால்காப்பும் இல்லாமல் தொடாதீர்கள், தனியாகச் செய்யாதீர்கள். ரம்பப் பழக்கம் இல்லாதவர் இதை விட்டுவிடுவதே சரி. தண்டைச் சுற்றி இரண்டு வளையமாகப் பட்டையை அறுத்துக் களைக்கொல்லி பூசி நின்றபடியே காயவிட்டாலும் வெயில் இறங்கும்.

அங்குமிங்கும் நாலு மரத்தைச் சாய்ப்பதால் பலன் இல்லை. கால் ஏக்கர், அரை ஏக்கர் திட்டுகளாகத் திறந்துவிடுங்கள். மான் நடக்கும் வழியை மறித்து மரம் சாய்க்கவேண்டாம். நீங்கள் விரும்பும் வழியில் அது நடக்கவேண்டுமென்றால் மற்ற வழிகளை அடைத்து அந்த வழியைத் துப்புரவாக வைக்கலாம்.

வெயில் இறங்கிய இடத்தில் முதலில் வருவது பெரும்பாலும் புதர் ஹனிசக்கிள், ஆட்டம் ஆலிவ் போன்ற அந்நியப் புதர்கள். அவை மற்றச் செடிகளுக்கு முன்பே தளிர்த்து நிழல்போட்டு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். காட்டைத் திறக்கும் முன்பே இவற்றை அடியோடு வெட்டி, வெட்டிய சில நிமிடங்களுக்குள் கட்டையில் மருந்து தடவிவிடவேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து மருந்து உள்ளே இறங்காது. அடியிலிருந்து பத்துக் கிளை முளைத்துவரும்.

தீவனப் பாத்தி

மண் பரிசோதனையில் தொடங்குங்கள். பாத்தி போடும் இடத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகளில் நாலு முதல் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் ஒரு கிண்ணம் அளவை மாநிலப் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க மையத்துக்கு அனுப்பினால் போதும். எந்தப் பயிர் என்று குறிப்பிட்டால் ஏக்கருக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு மணிச்சத்து, எவ்வளவு சாம்பல் சத்து என்று அறிக்கை வரும். காட்டை அழித்த மண் பெரும்பாலும் புளிப்பாகவே இருக்கும். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் மணிச்சத்து மண்ணோடு பிணைந்துகொண்டு வேருக்குக் கிடைக்காது. அந்த மண்ணில் கொட்டும் உரம் பணவிரயம். மூவிலைத் தீவனச் செடியான க்ளோவருக்கு 6.5 பக்கம் இருக்கவேண்டும்.

ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு என்று அறிக்கை சொன்னால் அரை ஏக்கர் பாத்திக்கு 50 பவுண்டு மூட்டை நாற்பது வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்து பத்து மூட்டையோடு நிறுத்திவிடுவதால்தான் பாதிப் பாத்திகள் மஞ்சளித்துப் போகின்றன. சுண்ணாம்பு வேலைசெய்ய ஆறு மாதம் வரை ஆகும். அதனால் விதைப்புக்கு முந்தைய பருவத்திலேயே இட்டு, முடிந்தால் மண்ணோடு கிளறிவிடுங்கள்.

எந்தப் பயிர்? முதல்முறை செய்கிறவருக்கு வடக்கு, நடு மாநிலங்களில் வெள்ளை க்ளோவரும் ரை தானியமும் சேர்ந்த கலவை நம்பகமானது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை விதைக்கலாம். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பு களையைக் கிளைபோசேட் அடித்துக் கொல்லுங்கள். மழை வரப்போகும் நாளுக்கு முதல்நாள் மேல்மண்ணை லேசாகக் கிளறி, ஏக்கருக்கு 50 பவுண்டு ரை தூவி மறுபடி லேசாகக் கிளறி மூடுங்கள். உருளை ஓட்டித் தரையை இறுக்குங்கள். அதன்மேல் க்ளோவர் விதை ஏக்கருக்கு 6 முதல் 8 பவுண்டு தூவி, இன்னொரு முறை உருளை ஓட்டுங்கள். க்ளோவர் விதை கால் அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் போனால் முளைக்காது. பலரும் விதைத்த பிறகு பரம்படித்து அதைப் புதைத்துவிடுகிறார்கள். உருளை இல்லையென்றால் வண்டிச் சக்கரத்தை வரிவரியாக ஓட்டினாலும் விதை மண்ணோடு ஒட்டும்.

க்ளோவர் விதைக்கு ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரால் நேர்த்தி செய்திருக்கவேண்டும். பூச்சு போட்ட விதையாக வாங்கினால் அது ஏற்கெனவே இருக்கும், ஆனால் மூட்டை எடையில் மூன்றில் ஒரு பங்கு பூச்சாகவே இருக்கக்கூடும், விதை அளவைக் கணக்கிடும்போது அதைக் கழித்துப் பாருங்கள். பொடிவிதையைச் சீராகத் தூவ மணல் கலந்துகொள்ளுங்கள். க்ளோவருக்குத் தழைச்சத்து உரம் வேண்டாம். அதற்குத் தேவையான தழைச்சத்தை வேர்முடிச்சே தயாரித்துக்கொள்ளும். நீங்கள் போடும் யூரியா புல்லுக்குத்தான் போகும்.

அந்த இலையுதிர் காலத்தில் மான் ரை தளிரை மேயும். அடியில் க்ளோவர் வேர் பிடிக்கும். அடுத்த வசந்தத்தில் ரை பால்பிடிக்கும் முன் அதை வெட்டிவிட்டால் க்ளோவர் பாத்தி உங்களுக்கு மூன்று நாலு ஆண்டு நிற்கும். கோடையில் ஒன்றிரண்டு முறை ஆறு அங்குல உயரத்தில் வெட்டிவிடுங்கள். கடும் வறட்சியில் வெட்டினால் காய்ந்துபோகும். புல் புகுந்தால் கிளெத்தோடிம், அகன்ற இலைக் களைக்கு 2,4-டிபி. இந்த இரண்டாவதில் கவனம் வேண்டும்: கடையில் எளிதாகக் கிடைக்கும் 2,4-டி வேறு மருந்து, அது க்ளோவரையும் சேர்த்துக் கொன்றுவிடும். அளவு, பருவம் எல்லாம் மருந்துக் குப்பியில் ஒட்டிய சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும், அங்கே அது சட்டமும்கூட. க்ளோவர் ஆங்காங்கே மெலிந்திருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் தரை இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் விதையை மேலாகத் தூவிவிடுங்கள். உறைந்து இளகும் மண்ணே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

டர்னிப், ரேப், முள்ளங்கி போன்ற கோசு இனப் பயிர்கள் கடும் குளிருக்கு. வடக்கில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள், ஏக்கருக்கு 5 பவுண்டு. அரை ஏக்கருக்கு இரண்டரை பவுண்டு கையில் எடுத்தால் மிகச் சொற்பமாகத் தோன்றும், கூடத் தூவத் தோன்றும். தூவினால் நெருக்கியடித்து முளைத்துக் கையகல இலைகூட வராமல் நின்றுவிடும். இவற்றுக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் போட்டால் வேர்நோய் வரும். க்ளோவரோடு மாற்றி மாற்றிப் போடலாம். சில இடங்களில் மான் இதை முதல் ஆண்டு தொடாது. உறைபனிக்குப் பிறகுதான் வாய்வைக்கும்.

சோயா மானுக்கு மிகப் பிடித்தது. ஆனால் இரண்டு மூன்று ஏக்கருக்குக் குறைவாகப் போட்டால் இரண்டிலைப் பருவத்திலேயே மொட்டையாகிவிடும். சிறு நிலத்துக்கு அது வேண்டாம்.

பாத்தியில் மூன்றடி விட்டம், நாலடி உயரத்தில் கம்பிவலைக் கூண்டு ஒன்றை நட்டுவிடுங்கள். உள்ளே முழங்கால் உயரமும் வெளியே தரைமட்டமும் என்றால் விதை நன்றாகவே வளர்ந்திருக்கிறது, மான்தான் அதிகம். அப்போது இன்னொரு மூட்டை உரம் தீர்வல்ல. பாத்திப் பரப்பைக் கூட்டவேண்டும், அல்லது உரிமம் அனுமதிக்கும் அளவுக்குப் பெண் மான்களை எடுக்கவேண்டும். கொம்பு மானை மட்டுமே பார்த்துக்கொண்டு பெண் மானை விட்டுவிடுகிறவர்கள் நிலத்தில் சில ஆண்டுகளில் நாலரை அடிக்குக் கீழே பச்சையே இல்லாமல் போகும். வளர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். எண்ணிக்கை கூடுவதற்கு அதிக நாள் ஆகாது.

தண்ணீரும் நக்குகிளையும்

பக்கத்தில் ஓடையோ குளமோ இருந்தால் தண்ணீருக்காகச் செலவிடவேண்டாம். மேட்டு நிலமென்றால் 100 கேலன் தொட்டி ஒன்றை விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்து வையுங்கள். உள்ளே ஒரு கட்டையைச் சாய்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அணிலும் எலியும் விழுந்து செத்துத் தண்ணீர் நாறும்.

வில் எட்டும் தூரத்தில் மானை நிறுத்த, மான் தடங்களின் ஓரத்தில் செயற்கையாக ஒரு கீறல்தளம் (ஆண் மான் காலால் மண்ணைக் கீறி வாடை விடும் இடம்) செய்யலாம். தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், வழிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓக் கிளை ஒன்று வேண்டும், அதுதான் நக்குகிளை. அதன் அடியில் இரண்டடி அகலத்துக்குச் சருகை விலக்கி மண்ணைத் தெரியவிடுங்கள். மண்ணைவிடக் கிளைதான் முக்கியம். ஆண்டு முழுவதும் மான்கள் முகத்தையும் நெற்றியையும் அதில் தேய்த்து வாடையை விட்டுச் செல்லும். கடையில் விற்கும் மான் மூத்திரம் தேவையில்லை. நோய்ப் பரவலைத் தடுக்கச் சில மாநிலங்கள் அதைத் தடைசெய்தும் இருக்கின்றன.

பரண் எங்கே, எப்போது

பாத்தியின் விளிம்பில் பரண் கட்டுவது வசதி, ஆனால் இருட்டிய பிறகு இறங்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். பத்து மான் மேய்ந்துகொண்டிருக்கும்போது ஏணியில் இறங்கினால் அன்றோடு அந்தப் பாத்தி இரவுப் பாத்திதான். அப்படி மாட்டிக்கொண்டால் யாரையாவது வண்டியை ஓட்டிவரச் சொல்லுங்கள். வண்டிக்கு மான் விலகும், ஆனால் பரணில் ஆள் இருந்தான் என்று கற்றுக்கொள்ளாது. இதைவிட நல்லது, படுக்கைக்கும் பாத்திக்கும் இடையே, பாத்தியிலிருந்து 60, 80 கெஜம் உள்ளே தள்ளி, தடத்துக்கு 20 கெஜத்தில் காற்றிறக்கப் பக்கம் பரண் போடுவது.

காற்று என்றால் திசை மட்டுமல்ல. விடிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழிந்துகொண்டிருக்கும், வெயில் ஏறியதும் மேலே எழும், மாலையில் மறுபடி கீழே இறங்கும். எனவே மேட்டுப் பரண் காலைக்கும் தாழ்வான பரண் மாலைக்கும் பொதுவாக ஒத்துவரும். குழிந்த பள்ளத்தாக்கின் அடியில் காற்று சுழலும், அங்கே பரண் வேண்டாம். மில்க்வீட் காயின் பஞ்சைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். எருக்கம்பஞ்சு மாதிரிதான் இருக்கும். ஒரு இழையை விட்டால் உங்கள் வாடை முப்பது கெஜத்துக்கு அப்பால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

பரண் உயரம் 18 முதல் 22 அடி போதும். அதற்குமேல் போகப் போக அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுப் போகும் வாய்ப்பு கூடும். தரையை விட்டுக் கால் எடுக்கும் நொடியிலிருந்து திரும்பத் தரை தொடும் வரை உடல்முழுக் கச்சையை உயிர்க்கயிற்றில் மாட்டியே இருக்கவேண்டும். விழுகிறவர்களில் பலர் பரணில் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏணியிலிருந்து பரணுக்கு மாறும்போதுதான் விழுகிறார்கள். கச்சையில் தொங்கினால் தொடைப்பட்டை இறுகி ரத்த ஓட்டம் நின்றுபோகும். கால் ஊன்றி நிற்க உதவும் வாரை எப்போதும் பையில் வையுங்கள். வில்லைக் கையில் பிடித்து ஏறாமல், அம்பில்லாத வில்லைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். வெயில் மழையில் ஆண்டு முழுவதும் மரத்தில் கிடந்த வார்களை மாற்றாமல் ஏறவேண்டாம்.

ஒரே பரணில் அடுத்தடுத்து உட்காராதீர்கள். ஒரு பரண் அந்தப் பருவத்தில் முதல் இரண்டு முறைதான் சிறப்பாக வேலைசெய்யும். காற்று சரியில்லாத நாளில் அதில் ஏறாமல் இருப்பது அடுத்த வாரத்துக்குச் செய்யும் சேமிப்பு. வடக்கு மாநிலங்களில் இணைசேரும் பருவத்தின் உச்சம் நவம்பர் நடுப்பகுதி. அதற்கு முந்தைய பதினைந்து நாள், அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் வாரமும், ஆண் மான் பகலில் அதிகம் நடக்கும் காலம். நல்ல பரண்களை அதுவரை தொடாமல் வைத்திருங்கள். தெற்கில் இந்தத் தேதிகள் பெரிதும் மாறும்.

வில்

கைகளை விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் இழுநீளம், அதாவது நாணை முழுவதும் இழுக்கும்போது உங்களுக்குப் பொருந்தும் நீளம், ஏறத்தாழக் கிடைக்கும். 70 அங்குலம் என்றால் 28. இழுவிசை சரியா என்று பார்க்க நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை நேராக நீட்டி மெதுவாக இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் ஐந்து பவுண்டு குறையுங்கள். குளிரில் மூன்று மணிநேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு இழுக்கப்போவது அந்த வில்தான். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில் உடைந்து முகத்தில் தெறிக்கும்.

அம்பின் இயக்க ஆற்றலைக் கணக்கிட, எடையை கிரெயின் என்ற சிறு எடை அலகில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240-ஆல் வகுக்கவேண்டும். 450 கிரெயின் அம்பு நொடிக்கு 270 அடியில் போனால் ஏறக்குறைய 73 அடி-பவுண்டு. வெள்ளைவால் மானுக்கு 40 இருந்தாலே போதுமானது. எனவே வேகத்துக்காக அம்பை இலேசாக்குவதைவிட அம்பு நேராகப் பறப்பதும் முனை சவரக்கத்தி போல் கூர்மையாக இருப்பதும் முக்கியம். பயிற்சி முனையில் குறி தப்பாத வில் வேட்டை முனையில் தப்பும். ஆகவே வேட்டை முனையை மாட்டிக் கடைசி ஒரு மாதம் பயிற்சி செய்யுங்கள். வேட்டை உடை அணிந்து, உயரமான இடத்திலிருந்து எய்து பாருங்கள். அன்றைய முதல் அம்பு ஆறு அங்குல வட்டத்துக்குள் எந்தத் தூரம் வரை தவறாமல் விழுகிறதோ அதுவே உங்கள் எல்லை. இருபதாவது அம்பை வைத்து எல்லையை முடிவு செய்யாதீர்கள்.

எய்யும் நொடி

30 கெஜத்துக்கு அந்த 270 அடி வேக அம்பு போய்ச் சேர மூன்றில் ஒரு நொடி ஆகும். நாணின் ஒலி அதற்கு முன்பே, பன்னிரண்டில் ஒரு நொடியில் போய்விடும். மீதிக் கால் நொடியில் மிரண்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேல் போய்விடும். தலைதூக்கி, காதை விறைத்து உங்களைப் பார்க்கும் மான்மேல் 20 கெஜத்துக்கு அப்பால் அம்பு விடவேண்டாம்.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்னங்காலின் பின்விளிம்பை மேலே நீட்டி, உடல் உயரத்தின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். இதயமும் இரண்டு நுரையீரலும் அங்கேதான் சந்திக்கின்றன. சற்றே பின்புறம் காட்டித் திரும்பி நிற்கும் மான் இன்னும் நல்லது. மறுபக்க முன்னங்கால் வழியே அம்பு வெளியேறும்படி குறியைப் பின்னே தள்ளுங்கள். உங்களை நோக்கி நிற்பதும் நேர்பின்புறம் காட்டுவதும் வில்லுக்கான நிலை அல்ல. உயரத்திலிருந்து எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பை வளையுங்கள், இல்லாவிட்டால் குறி மேலே போகும். நடக்கும் மானை வாயால் மெல்ல ‘மே’ என்று ஒலித்து நிறுத்தலாம், வில்லை முழுவதும் இழுத்த பிறகுதான்.

தடம் பிடிப்பது

அம்பு விட்டதும் இறங்காதீர்கள். மான் கடைசியாக மறைந்த இடத்தை ஒரு மரத்தோடு சேர்த்து மனதில் குறித்துக்கொண்டு, நேரம் பார்த்து, அடுத்த அம்பை நாணில் வையுங்கள். விழுந்த ஓசை கேட்டாலும் அரை மணிநேரம் பொறுங்கள். பிறகு அம்பு தைத்த இடத்துக்கு ஓசையின்றிப் போய் அம்பை எடுத்துப் பாருங்கள். மீதி முடிவெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

இளஞ்சிவப்பில் நுரைகட்டிய ரத்தம் நுரையீரல். அரை மணி போதும், பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கெஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு ரத்தம் ஈரல், குறைந்தது நாலு மணிநேரம் விடவேண்டும். பச்சை அல்லது பழுப்புக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம். குடலில் அடிபட்ட மான் துரத்தாவிட்டால் அருகிலேயே படுத்துச் சாகும். அவசரப்பட்டு எழுப்பினால் மைல் கணக்கில் போய்விடும், ரத்தமும் சொட்டாது. தொடக்கத்தில் கொட்டிவிட்டுப் போகப் போகக் குறைந்து நின்றுவிடும் செந்நிற ரத்தம் பெரும்பாலும் தசைக் காயம்.

ரத்தத்தின்மேல் கால் வைக்காமல் ஓரமாக நடந்து, கடைசித் துளி இருந்த இடத்தில் ஒரு துண்டுத் துணி கட்டி, அடுத்தது கிடைத்த பிறகே நகருங்கள். துணிகளைத் திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும். ரத்தம் நின்றுவிட்டால் ஆட்களைக் கூட்டித் தடத்தை மிதிக்கும் முன் தடம் பிடிக்கும் நாயை அழையுங்கள். பல மாநிலங்கள் வாரில் கட்டிய நாயை அனுமதிக்கின்றன. மான் வேலியைத் தாண்டினால் பக்கத்து நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும், அதைப் பருவம் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். கிடக்கும் மானைப் பின்பக்கமிருந்து நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைக்கவில்லை என்றால் முடிந்தது.

இறைச்சி

உடனே குடலை அகற்றுங்கள். கையுறை கட்டாயம். இரைப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீறிவிடாமல் இரண்டு விரலுக்கு நடுவே கத்தியை மேல்நோக்கிப் பிடித்து அறுக்கவேண்டும். இறைச்சியை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே எவ்வளவு விரைவில் கொண்டுவருகிறீர்களோ அவ்வளவு நல்லது. வெப்பமான நாளில் வயிற்றுக்குள் பனிக்கட்டிப் பைகளை அடைத்துத்தான் வண்டியில் ஏற்றவேண்டும். எடுத்த மானைப் பதிவுசெய்யும் கெடு பல மாநிலங்களில் அன்றைக்கோ மறுநாளோ முடிந்துவிடும்.

மான்களைக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் (CWD) உள்ள பகுதியாக இருந்தால் மூளை, தண்டுவடம், நிணநீர்க் கணுக்கள் பக்கம் கத்தியைக் கொண்டுபோகாமல் எலும்பிலிருந்து சதையை மட்டும் பிரித்தெடுங்கள். இந்த நோயை உண்டாக்கும் பிரியான் புரதம் சமைப்பதால் அழியாது, மண்ணில் பல ஆண்டு தங்கும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான பதிவு இல்லை என்றாலும், நோயுள்ள மானின் இறைச்சியை உண்ணவேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. தலையை மாநிலச் சோதனை மையத்தில் கொடுத்து, முடிவு வரும்வரை அந்த மானின் இறைச்சியை உறைபெட்டியில் தனியாகப் பெயர் ஒட்டி வையுங்கள். எலும்பையும் கழிவையும் உங்கள் காட்டிலேயே வீசாமல் மாநிலம் சொல்லும் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள். வேறு மாநிலத்திலிருந்து முழு உடலோடு மானைக் கொண்டுவருவதற்குப் பல இடங்களில் தடை உண்டு. எல்லை தாண்டும் முன் எலும்பு நீக்கிய சதையும் சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகடும் மட்டுமே வண்டியில் இருக்கட்டும்.